பல் போன இடத்தில் எலும்பு வளர்த்தல்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சொல்லோடு எலும்பும் சேர்ந்து போகிறது என்பதை நான் பல் மருத்துவம் படித்தபோது தெரிந்துகொண்டேன். அதன் முழுப் பொருள் விளங்கியது, என் தகப்பனார் வாயிலேயே ஒரு தவறு செய்த பிறகுதான்.

மலர்க் குழுவினர் பல் பாதுகாப்பு பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். இரண்டு வேளை பல் துலக்குங்கள் என்று எழுதினால் நம்மவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பெங்களூரில் தொழில் செய்தாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு தங்கவயல் வந்துவிடுவேன். ராபர்ட்சன்பேட்டை வீட்டில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் எக்ஸ்-ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, பெங்களூர்ல பல்லு வெக்கப் போனா எலும்பு இல்லைன்றாங்க. மொதல்ல எலும்பு வெக்கணுமாம், அப்பறம் ஆறு மாசம் கழிச்சுத்தான் பல்லாம். நெசமா இது, இல்ல பணம் புடுங்கறதுக்குச் சொல்றாங்களா?"

சில பேருக்கு நிஜம். சில பேருக்குத் தேவையில்லை. எப்போது எது என்பதைக் கூடியவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நம் தாடையில் இரண்டு பகுதி உண்டு. அடியில் இருப்பது தாடையின் உடல். அது நம்மோடு கடைசி வரை வரும். அதன்மேல் வரப்பு கட்டியதுபோல் நிற்பது பற்குழி எலும்பு. இந்த வரப்பு பல்லுக்காகவே உண்டானது. பல் முளைக்கும்போது கூடவே எழும்புகிறது. நாம் கடிக்கும்போது பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்கள் அந்த விசையை எலும்புக்குக் கொடுக்கின்றன. எலும்பு உயிருள்ள பொருள். வேலை இருக்கும்வரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லைப் பிடுங்கிவிட்டால் வரப்புக்கு வேலை இல்லை. உடம்பு அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரியாதது. டென்மார்க்கில் 46 பேரை ஓராண்டு கவனித்து 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கடைவாய், முன்கடைவாய்ப் பல் பிடுங்கிய இடத்தில் சராசரி 12 மில்லிமீட்டர் இருந்த வரப்பின் அகலம் ஓராண்டில் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. பாதி போயிற்று. அந்த இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. புண் ஆறிவிட்டது, வலி இல்லை, பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் இருக்கும் அதே மூன்று மாதம்!

பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. தால்கிரென் என்ற அம்மையார், எல்லாப் பல்லையும் இழந்து பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972இல் எழுதினார். கடைசிவரை எலும்பு கரைந்துகொண்டே இருந்தது. கீழ்த்தாடையில் மேல்தாடையைப் போல நான்கு மடங்கு. வயதானவர்களுக்குக் கீழ்ச்செட் ஆடுவதும், மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று தொட வருவதும் இதனால்தான். பல்செட் எலும்பைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. செட் ஈறின்மேல் உட்கார்ந்து அழுத்துமே ஒழிய, வேர் செய்த வேலையை அது செய்யாது.

மேல்தாடைக் கடைவாயில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கன்ன எலும்புக்குக் கீழே, மேற்பற்களின் வேருக்கு மேலே, சைனஸ் என்னும் காற்றறை உள்ளது. பல் இருக்கும்வரை அது தன் இடத்தில் இருக்கும். பல் போனபின் அறையின் தரை மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கீழேயிருந்து வரப்பு கரைய, மேலேயிருந்து காற்றறை இறங்க, நடுவில் உள்ள எலும்பு சில பேருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் மிஞ்சும்.

இனி இம்ப்ளாண்ட் பற்றி. ஸ்வீடன் நாட்டு பிரானேமார்க் 1952இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியம் உலோகத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தப் பிடிப்பை வைத்து 1965இல் முதல் மனிதருக்குப் பல் வைத்தார். 1982இல் டொரொண்டோ மாநாட்டில் எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. நாம் இம்ப்ளாண்ட் என்பது இந்த டைட்டானியம் வேர். பார்வைக்குத் திருகாணி போல இருக்கும். ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிமீட்டர் நீளம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு வேண்டும். ஆக, வரப்பின் அகலம் ஆறேழு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மேலே சைனஸைக் குத்தக்கூடாது; கீழே தாடைக்குள் ஓடும் நரம்பைத் தொடக்கூடாது, தொட்டால் உதடு மரத்துப்போகும். கணக்கு இவ்வளவுதான். எலும்பு இந்தக் கணக்குக்கு வராதபோது "எலும்பு வைக்கணும்" என்கிறார்கள்.

என் தவறுக்கு வருகிறேன்.

நைனா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கருங்கல் அடுக்கும் வேலை பார்த்தவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குப் போய், 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது வரை தங்கவயல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூடியபோது நைனாவுக்கு 57 வயது. மேல் வலப்பக்கக் கடைவாய்ப் பற்களை 1986இலேயே பிடுங்கிக்கொண்டவர். அந்தக் காலத்தில் பல்வலி என்றால் பிடுங்குவதுதான் வைத்தியம். அந்த இடத்தில் கொக்கி வைத்த பிளேட் போட்டுக்கொண்டிருந்தார்.

2007இல் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. "டாக்டர் புள்ளைய வெச்சிக்கினு நான் பிளேட்டைக் கழட்டி ஜோபியில போட்டுக்கினா சாப்புடறது? கல்யாணத்துல பிரியாணி எலும்பை நான் கடிச்சுத் தின்னணும்டா கண்ணு" என்றார். கல்யாணத்துக்கு இருந்தது நான்கு மாதம். பெரிய எக்ஸ்-ரே எடுத்தேன். படத்தில் அளந்தால் எலும்பு 6 மில்லிமீட்டர் இருந்தது. எலும்பு வளர்த்து வைப்பதென்றால் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும். இருப்பதில் சிறிய வேராகப் போட்டுவிடலாம் என்று முடிவுசெய்தேன்.

வாய் முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் அந்த எக்ஸ்-ரே உருவத்தைக் கால்பங்கு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டக்கூடியது. அகலத்தையோ அது காட்டவே காட்டாது. இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான். பாடம் படித்தவனுக்கு அவசரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். போதாததற்கு மேல்தாடைக் கடைவாய் எலும்பு இயல்பாகவே மெத்தென்று இருக்கும். நைனா பீடியும் குடிப்பார். இரண்டரை மாதம் கழித்து மேல் மூடியைத் திருகிக் கழற்றப் போனேன். மூடியோடு சேர்ந்து வேரும் சுழன்றது. வலிகூட இல்லை. நைனா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா கண்ணு, அதுவும் கூடவே சுத்துது?" என்றார். கையாலேயே எடுத்துவிட்டேன். கல்யாணப் பிரியாணியைப் பிளேட்டோடுதான் சாப்பிட்டார்.

அன்று ராத்திரி நடந்ததை அவருக்கு விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது என் ஆசிரியர்கள் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது. "தாது எடுத்த எடத்தைக் காலியா உட்டா மேல் பாறை எறங்கிடும். ஏர் பிளாஸ்ட்டு வந்துச்சுன்னா ஆள் காலி. அதனாலதான் கருங்கல்ல அடுக்கி ரொப்பிக்கினே வருவோம். ரொப்பாத எடத்துல நீ போய் முட்டுக் குடுத்தா நிக்குமா?"

இந்த உவமையை இன்றும் நோயாளிகளுக்குச் சொல்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. சுரங்கத்தில் அடுக்கிய கருங்கல் நூறு வருஷமானாலும் கருங்கல்தான். வாயில் நிரப்பும் எலும்புப் பொடியின் வேலை வேறு. அது பந்தல், நம் சொந்த எலும்பு ரத்தக்குழாயோடு உள்ளே படர்ந்து ஏறிக்கொள்ள ஓர் இடம். சில வகைப் பொடி மெல்லக் கரைந்து புது எலும்புக்கு வழிவிடும், சில வகை புது எலும்பின் நடுவே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். எப்படியிருந்தாலும் வேரைப் பிடிக்கப்போவது நாம் வைத்த பொடியைப் பற்றிக்கொண்டு வளர்ந்த நம் எலும்புதான். மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது இதற்காக.

2008இல் என் ஆசிரியரிடமே நைனாவை அழைத்துப் போனேன். அவர் செய்ய, நான் பக்கத்தில் நின்றேன். முதலில் ஸ்கேன். உண்மையான எலும்பு 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே சைனஸ் தரையை உயர்த்துவது என்று முடிவாயிற்று. அமெரிக்காவின் டேட்டம் 1970களில் செய்து காட்டிய முறை. 1980இல் பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் அதை முதலில் கட்டுரையாக வெளியிட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, கன்னப் பக்கத்து எலும்பில் விரல்நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் திறப்பார்கள். உள்ளே காற்றறையின் ஜவ்வு தெரியும். முட்டையை உடைத்தால் ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குமே, அந்தத் தோலைப்போல. கிழியாமல் அதை மெல்ல மேலே தள்ளி, தரைக்கும் ஜவ்வுக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில் எலும்புப் பொடியை நிரப்பி, ஜன்னலைக் கரையக்கூடிய கொலாஜன் ஜவ்வால் மூடித் தைப்பார்கள். காற்றறையின் ஜவ்வு கிழிவது அபூர்வமல்ல. சிறு கிழிசலை அப்போதே ஒட்டிவிடலாம். பெரிதாகிவிட்டால் தைத்துவிட்டு மாதங்கள் கழித்து மறுபடி முயல வேண்டியதுதான். இதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரை நம்புங்கள்.

எனக்கு இருந்த பயம் வேறு. சுரங்கத் தூசி வாங்கிய நுரையீரல், ராத்திரியில் விடாத இருமல். சைனஸ் தரையை உயர்த்தியவர் இரண்டு வாரத்துக்காவது மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். உறிஞ்சு குழலில் எதையும் குடிக்கக்கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் பொடி இடம்விட்டுப் போகும். முதலில் மார்பு மருத்துவரிடம் காட்டி இருமலுக்கு மருந்து கொடுத்தோம். பீடியை அறுவைக்கு முன்னும் பின்னும் சேர்த்து நான்கு மாதம் நிறுத்த வைத்தோம். தலையணை இரண்டு வைத்துப் படுக்கச் சொன்னோம். அம்மா காவல். பீடிக்கட்டை அரிசி டின்னில் ஒளித்து வைத்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

எட்டு மாதம் காத்திருந்து இரண்டு வேர்கள் போட்டோம். மேலும் ஐந்து மாதம் கழித்து 2009இல் பல் வைத்தோம். அடியில் நாலைந்து மில்லிமீட்டருக்குமேல் நல்ல எலும்பு இருந்தால் பொடியையும் வேரையும் ஒரே நாளில் வைக்கலாம். நைனாவுக்கு அந்த வசதி இல்லை.

பொடி எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நால்வகை உண்டு. நம் சொந்த எலும்பு முதல் தரம். கீழ்த்தாடைப் பின்பக்கமோ மோவாயோ தரும், பெரிய இழப்பென்றால் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். இன்னொரு புண் ஆறவேண்டும் என்பதே அதன் குறை. இரண்டாவது, இறந்தவர் குடும்பம் தானமாகக் கொடுத்த எலும்பைச் சுத்திகரித்து, கதிர்வீச்சால் கிருமி நீக்கித் தருவது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதற்கென்று 1988இல் திசு வங்கி தொடங்கினார்கள். மூன்றாவது மாட்டெலும்பு. அதிலுள்ள சதை, புரதம் எல்லாவற்றையும் நீக்கித் தாதுப்பொருளை மட்டும் வைத்திருப்பார்கள். உலகெங்கும் நிறைய ஆய்வுகள் நடந்திருப்பது இதில்தான். நான்காவது, செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் வகைகள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் இத்தகைய பீங்கான் பொருள்களை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறார்கள். நைனாவுக்குச் சொந்த எலும்புத் துருவலும் மாட்டெலும்புப் பொடியும் கலந்து வைத்தோம். "இத்தினி நாள் வாய் வழியாப் போச்சு, இப்ப தாடையில வெக்கறீங்க" என்று சிரித்தார். ஆனால் சைவக் குடும்பத்தார் மனம் சங்கடப்படுவார்கள். கொலாஜன் ஜவ்வும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரலாம். வைத்த பிறகு தெரிந்து வருந்துவதைவிட முன்னாலேயே கேட்டுவிடுங்கள், மாற்று இருக்கிறது. மறைப்பது மருத்துவருக்கு அழகல்ல.

அகலம் குறைந்த இடத்தில் வேறு வழி. வரப்பின் வெளிப்பக்கம் பொடியை வைத்து அதன்மேல் ஜவ்வைப் போர்த்துவார்கள். ஈறுச்சதை வேகமாக வளரும், எலும்பு நிதானமாக வளரும். விட்டுவிட்டால் சதை புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவே வேலி போட்டால் எலும்புக்கு அவகாசம் கிடைக்கும் என்பதை 1988இல் ஸ்வீடனின் டாலின் குழுவினர் விலங்குகளில் நிரூபித்தார்கள். இதற்கு நாலிலிருந்து ஆறு மாதம். தையல் விட்டு ஜவ்வு வெளியே தெரிந்தால் கிருமி புகுந்துவிடும். புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டில் இல்லாதவர்களுக்கும் இது அதிகம். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்க்காமல் எலும்பு வைக்க நான் சம்மதிப்பதில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எடுக்கும் தாய்மார்கள் அதைப் பல் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அவற்றில் சில மருந்துகள் தாடைப் புண்ணை ஆறவிடாது. கோலார் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று ஃபுளோரைடால் பல்லில் கறை படிந்தவர்களும் கேட்கிறார்கள். கறை என்பது பல்லின் மேல்பூச்சு விஷயம். அதை மட்டும் காரணம் காட்டி யாரும் மறுக்க வேண்டியதில்லை.

எப்போது எலும்பு வைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு சாதாரணமல்ல. பொடி, ஜவ்வு, ஸ்கேன் எல்லாம் சேர்ந்து சில சமயம் பல்லுக்கு ஆகும் அளவுக்கே வந்துவிடும். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாத பெரியவருக்கு முன்பக்கம், மோவாய்ப் பகுதியில், பெரும்பாலும் எலும்பு மிஞ்சியிருக்கும். அங்கே இரண்டே வேர் போட்டுப் பல்செட்டை அதில் மாட்டிவிட்டால் ஆடாது. இப்படிப்பட்டவர்களுக்கு இதுவே முதல் வழியாக இருக்கட்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். இன்று 6 மில்லிமீட்டர் குட்டை வேர்களும் வந்துவிட்டன. நல்ல இடத்தில் போட்டால் நன்றாகவே நிற்கின்றன. பக்கத்துப் பற்களைப் பிடித்து பிரிட்ஜ் கட்டுவதும் பழைய வழி என்பதற்காக மட்டமான வழியாகிவிடாது. எழுபது எண்பது வயதில், இதயமும் சர்க்கரையும் படுத்தும்போது, நன்றாகப் பொருந்திய ஒரு பல்செட்டே போதும் என்று நானே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் பிடுங்காமல் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. பல்லைப் பிடுங்கும் நாளிலேயே அந்தக் குழியில் பொடியை நிரப்பி மூடிவிட்டால் வரப்பு சுருங்குவது நன்றாகக் குறையும். முழுக்க நிற்காது, ஆனால் பின்னால் பெரிய அறுவைக்குப் போகாமல் தப்பிக்கலாம். எல்லாக் குழிக்கும் இது வேண்டியதில்லை. அங்கே பிறகு பல் வைக்கும் எண்ணம் இருந்தால்தான். அந்த எண்ணம் உண்டா இல்லையா என்பதைப் பிடுங்கக் கையெழுத்துப் போடும் முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று அதற்கும் முன்னால் கேளுங்கள்.

நைனா 2019இல் காலமானார். அந்த இரண்டு வேர்களும் கடைசிவரை அசையவில்லை. 2017இல் எடுத்த எக்ஸ்-ரே இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. காற்றறையின் தரை உயர்ந்து, அதற்குக் கீழே பொடியின் வெள்ளை மணிகள் எலும்போடு கலந்து தெரியும். 2007இல் எடுத்ததையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அவசரம் என்று சொல்லி வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்-ரே கவரோடு வருபவர்கள், பல் பிடுங்கிய மாதத்தையும் வருஷத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் பேரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.